குட்டியின் குரலில்

அன்று கடலில் இருந்தவர்கள்:

ஜெசிந்தா மச்சாது. ஐம்பது தாண்டியவள். ஒரே ஒரு ஓங்கலைப் பத்தொன்பது வருடமாகப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சியாளர். டால்பின் என்று சொல்லமாட்டாள். பாரைத்துறைக்காரர்கள் சொல்வதுபோல ஓங்கல் என்றுதான் சொல்வாள்.

தொபியாஸ். அவளுடைய படகை ஓட்டுபவன். பாரைத்துறையில் பிறந்தவன். அவன் தம்பி கஸ்பார் அதே கடலில் வலை போடுகிறவன்.

நிவேதன். ஒலிவேலி நிறுவனத்தின் ஆள். சென்னையிலிருந்து வந்தவன். கடலுக்குள் நுழைந்ததும் காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்கே கொடுத்துவிட்டு, கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அரிவாள். பெண் ஓங்கல். முதுகுத்துடுப்பின் நுனி எப்போதோ அறுபட்டு, மிச்சம் அரிவாள் மாதிரி வளைந்து நிற்கும்.

அரிவாளின் குட்டி. பெயர் கிடையாது. மூன்று வயது தாண்டாத குட்டிக்குப் பெயர் வைப்பதில்லை என்று ஜெசிந்தா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பாதிக் குட்டிகள் தாண்டுவதில்லை.

காற்று இல்லாத காலை. தொபியாஸ் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பீடியைப் பற்றவைத்தான். சற்றுத் தள்ளி ஒரு மஞ்சள் மிதவை ஆடிக்கொண்டிருந்தது.

"சார், மூணு வருஷமா இந்த மிதவையில பாசி சொரண்டுறது நான்தான். உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. கேட்டா தொழில்நுட்பம்ங்காவ."

நிவேதன் வாயைத் துடைத்துக்கொண்டான். பேசினால் குமட்டல் குறையும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல, உடனே ஆரம்பித்தான்.

"ஒவ்வொரு டால்பினுக்கும் தனியா ஒரு விசில் இருக்குண்ணே. அதுதான் அதோட பேர். நான் இங்க இருக்கேன்னு சொல்றதுக்கு அதை அடிக்கும். இன்னொரு டால்பின் இதைக் கூப்பிடணும்னா, இதோட விசிலையே திருப்பி அடிக்கும்."

"நம்ம கூப்பிடுத மாதிரி."

"அதேதான். இந்த மிதவைகளுக்கு இங்க சுத்துற எல்லா டால்பினோட பேரும் தெரியும். வலை கட்டியிருக்கிற பக்கமா ஒண்ணு வந்தா, எதிர்ப்பக்கத்து மிதவை அதைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அது திரும்பிடும். வலை கிழியாது. டால்பின் சாகாது. உங்க ஆளுங்க லைசன்ஸும் போகாது."

லைசன்ஸ் என்றதும் தொபியாஸ் தலையாட்டினான். ஓங்கல் வலையில் செத்தால் அந்தப் படகுக்கு ஒரு வருடம் கடல் கிடையாது. சட்டம் வந்த முதல் வருடமே பாரைத்துறையில் ஆறு குடும்பம் அடுப்பெரிக்கத் திணறியது. ஒலிவேலி வந்தபிறகு அது நின்றது. மாதா கோயில் திருவிழாவில் நிறுவனத்துக்கு நன்றி சொல்லி ஒரு பேனர்கூடக் கட்டினார்கள்.

"கூப்பிடுதது யாருன்னு ஓங்கலு கேக்காதா?" என்றான் தொபியாஸ். "எங்க தெருவுல ஒருத்தன் எம் பேரச் சொன்னா, போலீஸா சம்சாரமான்னு பாத்துட்டுத்தான் நான் திரும்புவேன். ரெண்டுல எதுன்னாலும் திரும்ப மாட்டேன்னு வைங்க."

நிவேதன் சிரித்தான். "கேக்கும். முதல்ல வெறும் மிஷின் குரல்லதான் கூப்பிட்டோம். ஒரு வாரத்துல கண்டுக்காம விட்டுடுச்சு. அங்கதான் மேடம் வர்றாங்க."

ஜெசிந்தா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவா? அக்கா என்ன செஞ்சாவ?"

"மேடம்கிட்ட இந்த ஒரு டால்பினோட பதினேழு வருஷச் சத்தம் இருந்தது. யார் கூப்பிட்டா அரிவாள் எவ்வளவு சீக்கிரம் திரும்புதுன்னு எல்லாம் பார்த்து வச்சிருந்தாங்க. கூட்டாளி கூப்பிட்டா மெதுவா. குட்டி கூப்பிட்டா உடனே. என்ன வேலையில இருந்தாலும், வாயில மீன் இருந்தாலும். அதனால குட்டியோட குரலையே எடுத்தோம். இப்போ எல்லாத் தாய்க்கும் அதோட குட்டி குரல்தான்."

தொபியாஸ் பீடியை இழுக்க மறந்துவிட்டான். பிறகு, "பலே" என்றான். பாராட்டு மாதிரி இல்லை.

அந்தக் கண்டுபிடிப்பை ஜெசிந்தா சொன்ன கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அத்தனை வருடம் ஒரே விலங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளைக் கிறுக்கு என்று சொன்னவர்கள் அவர்கள். அதன்பிறகு நிறுவனம் அவளோடு ஒப்பந்தம் போட்டு, இந்தப் படகையும் கொடுத்தது.

நிவேதன் அன்று வந்த காரணம் வேறு. அரிவாள் இப்போதெல்லாம் முன்போலத் திரும்புவதில்லை. ஆரம்பத்தில் மிதவை கூப்பிட்டதும் பாய்ந்து வருவாள். மிதவையைச் சுற்றிச் சுற்றி வந்து மூக்கால் முட்டுவாள். குட்டி அவள் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும்போதும் வருவாள். பிறகு பாதி வழி வந்து நிற்பாள். இப்போது வருவதே இல்லை. கூப்பிட்டதும் அப்படியே நிற்பாள், அவ்வளவுதான். வலைப்பக்கம் போகாமல் நின்றாலே போதும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அதன்படி அதுவும் வெற்றிதான்.

"ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும் மேடம்," என்றான் நிவேதன்.

தெரியும் என்று அவள் சொல்லவில்லை. அப்போது வடக்கே அரிவாளின் துடுப்பு தெரிந்தது. தனியாக இருந்தாள். மிதவை கூப்பிட ஆரம்பித்தது.

தண்ணீருக்குள் தொங்கிய மைக்கிலிருந்து படகின் ஸ்பீக்கரில் அந்தச் சீழ்க்கை வந்தது. ஏறி, வளைந்து, கடைசியில் சின்னதாக ஒரு குதிப்பு. குட்டி தாயின் பெயரைச் சொல்லும்போது அந்தக் கடைசிக் குதிப்பு மட்டும் சற்றுப் பிசகும். மிதவை அந்தப் பிசகையும் விடாமல் சொன்னது. அரிவாள் நின்றாள்.

இன்னொரு முறை வந்தது. மறுபடியும் வந்தது. நாலாவது முறை வந்தபோது ஜெசிந்தா ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள்.

"இது மிதவை இல்ல."

"அதே சத்தம்தானே மேடம்?"

"மிதவைக்கு மூச்சு வாங்காது."

இரண்டு குரல்கள். ஒன்று தெற்கே மிதவையிலிருந்து, சீராக, களைப்பில்லாமல். இன்னொன்று வடமேற்கிலிருந்து. அது நடுவில் அறுந்தது, மறுபடி ஆரம்பித்தது, ஒவ்வொரு முறையும் மேலே ஏறியது. வடமேற்கில் பார்களை, கடலடிப் பாறைத்திட்டுகளை, ஒட்டிக் கஸ்பாரின் வலை கிடந்தது.

"குட்டி மாட்டிக்கிச்சு. மிதவைய நிறுத்துங்க."

"இங்கேருந்து முடியாது மேடம். சென்னையில—"

"கூப்பிடுங்க!"

கூப்பிட்டான். யாரோ எடுத்தார்கள். காரணம் கேட்டார்கள். காரணங்களின் பட்டியலில் இது இல்லை என்றார்கள். "வேற எதாவது போட்டுக்கோங்க சார், ப்ளீஸ்," என்று நிவேதன் கத்தினான். தொபியாஸ் எஞ்சினை முடுக்கிப் படகை வடமேற்கே திருப்பியிருந்தான். பார் இருக்கிற இடம். நேராகப் போக முடியாது, சுற்றித்தான் போகவேண்டும்.

மிதவையின் குரல் நின்றது.

இப்போது ஒரே ஒரு குரல். உண்மையானது மட்டும். அரிவாள் வலைக்குப் படகைவிடக் கிட்டே இருந்தாள். ஜெசிந்தா எழுந்து நின்று பார்த்தாள். போ என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆராய்ச்சிக்காரர்கள் அப்படியெல்லாம் செய்வதில்லை.

அரிவாள் அசையவில்லை. குட்டி கூப்பிட்டது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு அந்தக் குரலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர்கள் மிதவையை வைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான்.

அப்போதுதான் தன் படகில் வந்து சேர்ந்த கஸ்பாரும் தொபியாஸும் வலையை அறுத்துத் தூக்கியபோது குட்டிக்கு உயிர் போயிருந்தது, உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அரிவாள் வந்தாள். குட்டியை மூக்கால் மேலே தள்ளினாள். அது சரிந்தது. மறுபடியும் தள்ளினாள்.  நிவேதன் கணினியை மூடிவிட்டான்.

விசாரணை அறிக்கையில் ஜெசிந்தாவிடம் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் கையெழுத்துக் கேட்டார்கள். சம்பவ நேரத்தில் ஒலிவேலி இயங்கிக்கொண்டிருந்தது. உண்மைதான். இயங்கிக்கொண்டுதான் இருந்தது. மேற்கொண்டு சொல்ல வந்ததை, அது ஆராய்ச்சிக் கட்டுரைக்கு உரியது மேடம் என்று நயமாக ஒதுக்கினார்கள். வேலியை எடுத்துவிட்டால் பழையபடி வருடத்துக்கு எத்தனை ஓங்கல் சாகும் என்பது அவளுக்கே தெரியும். போட்டாள்.

வேலி இயங்கியும் ஓங்கல் செத்தால், வலை கிடந்த இடம் தப்பு என்பது விதி. கஸ்பாரின் லைசன்ஸ் போனது. அவன் உப்பளத்துக்குப் போனான். அவன் மனைவி நிலவேணி ஜெசிந்தாவைக் கோயில் வாசலில் பார்த்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் போவாள்.

அரிவாள் வாயடைத்துப்போனாள். தன் பெயரைச் சொல்லவே இல்லை. ஒலிவேலிக்கு ஓங்கல்களைக் குரலால்தான் தெரியும், கண் கிடையாது. சில மாதம் கழித்துத் திரையில் அவள் பெயருக்கு நேரே "இப்பகுதியில் இல்லை" என்று வந்தது. ஜெசிந்தா அந்த வாரத்தில் மட்டும் மூன்று முறை அவளைப் பார்த்திருந்தாள். துடுப்பு, வளைவு, எல்லாம் அதேதான். பக்கத்தில் போனால் விலகிப்போவாள்.

தொபியாஸ் படகை ஓட்டுவதை விடவில்லை. ஏன் என்று ஜெசிந்தா கேட்கவில்லை. பேச்சு மட்டும் குறைந்தது.

இரண்டாவது வருடம், மழை முடிந்த பருவத்தில், தீவுக்குப் பின்னால் ஆழம் குறைந்த இடத்தில் அரிவாளைப் பார்த்தார்கள். விலாவை ஒட்டி ஒரு குட்டி. பிறந்து சில வாரம்தான் இருக்கும். உடம்பில் கருவறை மடிப்புக் கோடுகள்கூட மறையவில்லை.

ஜெசிந்தா மைக்கை இறக்கினாள். ஒரு சீழ்க்கை வந்தது. தட்டையாக ஆரம்பித்து, இரண்டு முறை கீழே இறங்கி, நின்றது. அவளுக்குத் தெரியாத பெயர். இங்கே இருக்கும் எல்லாப் பெயரும் அவளுக்குத் தெரியும். மறுபடியும் வந்தது. அரிவாள் குட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பேர மாத்திக்கிட்டா," என்றாள் ஜெசிந்தா.

"யாரு?"

"அரிவாளு. பழைய பேர விட்டுட்டா. வளந்த பொம்பள ஓங்கலு பேர மாத்தி நான் பாத்ததே இல்ல."

தொபியாஸ் எட்டிப்பார்த்தான். குட்டியைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு பழையபடி ஆனது.

"எழுதிக் கொடுக்கப் போறியளா?"

"இல்ல."

"ஏன்?"

"கொடுத்தா அடுத்த மாசமே இந்தக் குட்டியோட குரல மிதவையில ஏத்திருவாங்க. மறுபடியும் அதேதான்."

"கொடுக்காட்டி?"

அவள் மைக்கை மேலே இழுத்தாள்.

"நான் சொல்லுதேன், கேளுங்க. கொடுக்காட்டி வேலிக்கு இவ இருக்கதே தெரியாது. நேரா வலைக்குள்ள வருவா. தாயும் சாவும், குட்டியும் சாவும். இன்னொருத்தன் உப்பளத்துக்குப் போவான். நீங்க கரையில உக்காந்து ஐயோ பாவம்பிய."

"தொபியாஸ்..."

"எந்தம்பி கால் வெரலெல்லாம் உப்புல வெந்து கெடக்கு. நீங்க போட்ட கையெழுத்துதான அக்கா அது? அன்னைக்கு உண்மையச் சொல்லியிருக்கணும். சொல்லல. இன்னைக்குப் பொய் சொல்லப் போறிய. ரெண்டு நாளும் மாறிப்போச்சுல்லா?"

"எனக்கு வேற வழி தெரியலப்பா."

"உங்க ஓங்கலு, உங்க இஷ்டம். வலை எங்களுதுல்லா."

தொபியாஸ் படகைக் கரைக்கு விட்டான். படகைக் கட்டிவிட்டு, போகும்போது மட்டும் திரும்பினான்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லுவிய. உங்களுக்குப் பொய் வராது, உண்மையும் ஒழுங்கா வராது."

மூன்று வாரம் கழித்து நிவேதன் கூப்பிட்டனுப்பினான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் புது அலுவலகம். மதிய நேரம், உள்ளே ஏசி குளிர். அவன் இப்போது மண்டல மேலாளர். எழுந்து நின்று வரவேற்றான். டீயைத் தானே ஊற்றிக் கொடுத்தான்.

"ஒரு சின்னச் சந்தேகம் மேடம். தீவுப்பக்கத்து மிதவையில ஒரு புது விசில் கேட்டுக்கிட்டே இருக்கு. பட்டியல்ல இல்ல. உங்களுக்கு எதாவது..."

திரையில் அந்தக் கோடு இருந்தது. தட்டையாக ஆரம்பித்து, இரண்டு முறை கீழே இறங்கியது. அவள் அதை வழியெல்லாம் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். என்ன சொல்வது என்று பஸ்ஸில் வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"வழிப்போக்கு ஓங்கலு. ஆணா இருக்கும். இந்தப் பருவத்துல ஒண்ணு ரெண்டு தெற்கேருந்து வரும், போயிரும்."

"நீங்க பார்த்தீங்களா?"

"தூரத்துல."

நிவேதன் தலையாட்டினான். குறித்துக்கொண்டான். அவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. டீயைக் குடித்தாள்.

"அப்ப சரி. தனி ஆண்னா பிரச்சினை இல்ல. உறுத்தல் ஒலி போட்டுடலாம்."

"அது என்ன?"

"புதுசு மேடம். பேர் தெரியாத, சொந்தம் தெரியாத டால்பினுக்கு. கூப்பிட முடியாதுன்னா விரட்டத்தானே முடியும்? மிதவையிலேருந்து ரொம்பப் பெரிய சத்தம், விட்டு விட்டு. காது வலிக்கும், ஓடிப்போயிடும். பெரிய விலங்குக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க."

"சின்னதுக்கு?"

அவன் நிமிர்ந்தான்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பொதுவாகக் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஜெசிந்தாவுக்குப் பிறந்து சில வாரமான காதுக்குள் அந்தச் சத்தம் என்ன செய்யும் என்பது தெரியும். வாய் அதற்குள் பேசிவிட்டது.

"அத மட்டும் போடாதீங்க. கூட குட்டி இருக்கு."

 நிவேதன் கோப்பையைக் கீழே வைத்தான். வெற்றி பெற்றவன் முகம் இல்லை அது. பல்வலிக்காரன் முகம் மாதிரி இருந்தது.

"அரிவாளா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அவன் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான்.

"சின்னக் குட்டியோட விசில் உருப்படியா இருக்காது இல்லையா மேடம். மிஷினுக்கு அது வெறும் இரைச்சல், வடிகட்டிடும். அங்க குட்டி இருக்குன்னு யாராவது சொன்னாத்தான் இரைச்சலுக்குள்ள தேட முடியும்."

"நிவேதன், நீங்களும் அன்னைக்குப் படகுல இருந்தீங்க."

"இருந்தேன். இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கு எனக்கு." விரல்கள் நிற்கவில்லை. "அதனாலதான் மேடம். பேர் இல்லாம வலைக்குள்ள வந்தா ரெண்டும் போயிடும். இப்ப வேலி இருக்கு. இந்தத் தடவை பார்த்துப் பண்ணுவோம். அளவாக் கூப்பிடுவோம்."

"அவளுக்கு அது பொய்னு தெரிய எவ்வளவு நாளாகும்னு நினைக்கிறீங்க?"

"போன தடவை ரெண்டு வருஷம் ஆச்சு."

"போன தடவை அவளுக்கு நம்ம யாருன்னு தெரியாது."

 ஒரு பொத்தானைத் தட்டினான். திரையில் "இப்பகுதியில் இல்லை" என்பது மறைந்து, அரிவாள் என்ற பெயருக்கு எதிரே புதுக் கோடு வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டம், குட்டிக் குரல், தேடப்படுகிறது.

"உங்க அடையாள அட்டையைக் கொடுத்துடுங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. பார்த்ததைச் சொல்லலைன்னா விதிப்படி ஒப்பந்தம் நிறுத்தணும். படகும் திரும்பிடும். தொபியாஸ் அண்ணனுக்கு மிதவை கழுவுற வேலை இருக்கும், அதை நான் பார்த்துக்கறேன்."

அவள் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். கழுத்தில் அதன் கயிறு பட்டிருந்த இடம் குளிர்ந்தது. கயிற்றையும் சேர்த்து வைத்தாள்.

"அந்த உறுத்தல் ஒலி?"

"அதுக்கு அனுமதி இன்னும் வரல மேடம்." அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வராதுன்னுதான் நினைக்கிறேன்."

வாசல்வரை கூடவே வந்தான். அவளிடம் அட்டை இல்லாததால் தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டான். வெயில் கண்ணை அடித்தது. பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா, வண்டி சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். ஏதோ சொல்வதற்காகத் திரும்பினாள். அவன் உள்ளே நகர்ந்திருந்தான்.

கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.